அத்தியாயம் 7: இரண்டாவது பிரேக்

பக்கவாதம் வந்த நம் லிஃப்ட் மெக்கானிக்கின் வலது கைக்கு ஆறு வாரமாக ஒரு ரோபோ பயிற்சி கொடுத்து வருகிறது. அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காகப் பெயர்க் காரணத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அது வைத்த இடத்தைவிட்டு அசையாது. நாம்தான் அதன் நேரம் பார்த்துப் போய் நிற்க வேண்டும். போனால் எல்லோரும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"எனக்கு மாப்பிள்ளை பாருங்கன்னா, அப்பா தனக்கு ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டாரு" என்று மகள் சொல்ல, வீடே சிரித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அது அந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். இன்று காலை அவள் காபியைக்கூடக் குடிக்காமல் கொட்டிவிட்டாள்.

"டீச்சர், என் நீலச் சட்டை எங்கே?"

மெக்கானிக் மனைவியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் இருபத்தாறு வருஷமாக டீச்சர் அவள். அவரே அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்தான். பிறகு அவளையே கட்டிக்கொண்டார்.

"கம்பெனிச் சட்டையா? ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு அது எதுக்குங்க?"

"பெரிய டாக்டர் பாக்கட்டும். இது சும்மா வீட்டுல கிடக்கிற கை இல்லை, வேலைக்குப் போக வேண்டிய கைன்னு அவருக்குத் தெரியணும்."

பேச்சு அவருக்குத் திரும்பிவிட்டது. நடையும் கோலின் துணையோடு திரும்பிவிட்டது. கைதான் வருவேனா என்று படுத்துக் கிடக்கிறது. தொட்டால் தெரிவதில்லை, கிள்ளினால்கூட யாரோ எங்கோ கிள்ளுவதாகத்தான் இருக்கும் என்பார்.

இடது கையால் ஒவ்வொரு பொத்தானாகப் போட ஆரம்பித்தார். மூன்றாவது பொத்தான் நாலு தடவை நழுவியது. டீச்சரின் விரல்கள் துறுதுறுத்தன.

"விடு. நானே போடறேன்."

டீச்சர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். உதவி செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு வராத வித்தை.

அவள் பள்ளிக்கூடக் காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. பயந்து நடுங்குகிற ஆள் ஓட்டும்போது, அவருக்குத் தெரியாமல் டீச்சர் இந்தப் பக்கத்திலிருந்து லேசாக அழுத்துவாள். கார் குலுங்காமல் நிற்கும். "பாத்தீங்களா, நீங்களேதான் நிறுத்தினீங்க!" என்பாள். அந்த நிமிஷம் அவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வருமே, அதைப் பார்க்கத்தான் அவள் வேலைக்கே போகிறாள். அந்த வெளிச்சத்தோடு பரீட்சைக்குப் போய்க் கோட்டை விட்டவர்களின் கணக்கை மட்டும் அவள் வைத்துக்கொள்வதில்லை.

மெக்கானிக்கின் போன் அடித்தது. பட்டறையிலிருந்து கூட்டாளி.

"தள்ளறதுல என் பங்கு நூத்துக்கு இருபத்திரண்டுப்பா!" என்று இவர் கத்தினார். "நான் சொல்லலை, மெஷின் சொல்லுது. சைபர்ல ஆரம்பிச்சேன். இன்னிக்குப் பெரிய டாக்டர் பாத்து ஓகே சொல்லிட்டா இன்னும் ஆறு வாரம். என் ஸ்பேனர் பெட்டியை எவனும் தொடக் கூடாது, சொல்லிட்டேன்!"

டீச்சர் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவ ஒன்றுமில்லாத தொட்டியின் முன் நின்றாள்.

விஷயம் இதுதான். ரோபோ ஒன்று, காத்திருப்பவர்கள் பதினாலு பேர். ஆறு வாரம் முடிந்ததும் ஒரு சோதனை. முன்னேற்றம் இருந்தால் இன்னும் ஆறு வாரம். இல்லையென்றால் உடற்பயிற்சிப் படம் போட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்து, வீட்டில் செய்யுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். அந்தச் சோதனை இன்று.

*

மகள்தான் கார் ஓட்டினாள். வீட்டுக் கார்தான் டீச்சரின் பள்ளிக்கூடக் காரும், அந்த இரண்டாவது பிரேக் இதில்தான் இருக்கிறது. மருந்துக்கடையில் இன்று லீவு சொல்லியிருந்தாள். பக்கத்தில் டீச்சர், பின்னால் அப்பா.

முதல் திருப்பத்திலேயே கார் தானாக வேகம் குறைந்தது.

"அம்மா. உன் கால் பிரேக்ல இருக்கு."

"இல்லையே."

"இப்ப எடுத்துட்டே. அதுவரைக்கும் இருந்துச்சு. நான் லைசன்ஸ் வாங்கி நாலு வருஷம் ஆச்சும்மா. ஓட்டறது நானா, நீயா?"

பின்சீட்டில் மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்கம்மா கால் தூங்கும்போதுகூட அழுத்தும். கட்டில்ல எனக்குத் தெரியும்."

டீச்சர் சிரிக்கவில்லை. மகள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் நெற்றி அந்தக் காலை நேரத்திலேயே வியர்த்திருந்தது.

*

மாப்பிள்ளையின் அறை இரண்டாவது மாடியில். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். உள்ளே வெள்ளை நிறத்தில் ஒரு இரும்புக் கை, அதன் நடுவில் நம் கையை வைக்க ஒரு தொட்டில், கட்ட இரண்டு பட்டைகள். எதிரே திரை. திரையில் ஒரு அலமாரியும் ஒரு கோப்பையும். கையை நீட்டினால் கோப்பை அலமாரிக்குப் போகும். கீழே இரண்டு கோடுகள் ஓடும். நீலம் நோயாளியின் உழைப்பு, சாம்பல் மெஷினின் உழைப்பு.

பயிற்சியை நடத்தும் பிசியோ அம்மாள் டீச்சரைப் பார்த்ததும் ஆறு வாரக் கோடுகள் வரைந்த தாளை நீட்டினாள். அதிகம் சிரிக்காதவள், இன்று சிரித்தாள்.

"பாருங்க, எப்படி ஏறியிருக்குன்னு. எல்லாம் நீங்க பக்கத்துல உக்காந்து குடுத்த தைரியம்தான். ஆனா இன்னிக்குச் சோதனை. குடும்பத்துல யாரும் உள்ள வரக் கூடாது."

"நான் சும்மா முழங்கையை மட்டும் பிடிச்சுக்கறேனே? தொட்டில்ல இருந்து நழுவிடுமேன்னு..."

"வேண்டாம்மா. பெல்ட் இருக்கு."

மகள் தாளை எட்டிப் பார்த்தாள். "இந்தக் கோடு ஏன் மேடம் கீழே இறங்குது?"

"அது மெஷின் குடுக்கிற உதவி. அவர் பங்கு ஏற ஏற, நாங்க உதவியைக் குறைச்சுக்கிட்டே வருவோம். அதுவே எல்லாத்தையும் தூக்கிக் குடுத்தா கை சோம்பேறி ஆயிடும். இன்னிக்கு அவருக்குப் பாதி உதவிதான். மீதியை அவர்தான் தள்ளணும்."

பிசியோ அம்மாள் சற்று நிறுத்தினாள்.

"ஒண்ணுதான் எனக்குப் புரியலை. ரெண்டு வாரமாத் தோள் வலிக்குதுங்கறாரு. உடம்பைச் சாய்ச்சுத் தள்ளறாரு. இருபத்திரண்டு வர்றவர் எதுக்குச் சாயணும்?"

தோள் வலிக்கு ராத்திரி தைலம் தேய்த்துவிட்டது அவள்தான். வலி எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீலச் சட்டை போய் உட்கார்ந்தது. பெரிய டாக்டர் ஃபைலோடு வந்து திரைக்கு அருகில் நின்றார். மெக்கானிக் இடது கையால் ஒரு சல்யூட் அடித்தார்.

டீச்சர் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். "அந்த இருபத்திரண்டு அவர் இல்லடி."

"என்னம்மா சொல்றே?"

டீச்சர் இரண்டு விரலை மகளின் முழங்கைக்குக் கீழே வைத்து லேசாக முன்னால் தள்ளினாள். அவ்வளவுதான். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மகளின் முகம் வெளுத்தது. "எத்தனை நாளா?"

"ரெண்டாவது வாரத்துல இருந்து."

"அப்பாவுக்கு?"

"தெரியாது. அந்தக் கையிலதான் அவருக்கு உணர்வே இல்லையே."

"போய்ச் சொல்லு."

"சொன்னா உடைஞ்சு போயிடுவாருடி. காலையில போன்ல எப்படிக் கத்தினாரு, கேட்டே இல்லே?"

"சொல்லலேன்னா தோள் உடைஞ்சு போகும்மா. அங்க பாரு."

உள்ளே முதல் முயற்சி முடிந்திருந்தது. கோப்பை அசையவில்லை. மெக்கானிக் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். இரண்டாவது. மூன்றாவது. நீலக் கோடு தரையைவிட்டு எழவில்லை. அவர் தன் கையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பது வருஷம் நின்றுபோன லிஃப்ட்டுகளைப் பார்த்தவருக்கு எங்கே பழுது என்று பிடிபடவில்லை.

நாலாவது முயற்சியில் உடம்பு முழுவதையும் வலப்பக்கம் சாய்த்துத் தள்ளினார். "ஆ!" என்ற சத்தம் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது.

டீச்சர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"நிறுத்துங்க! அது அவர் இல்லை. நான்தான் தள்ளினேன்."

பிசியோ அம்மாள் பொத்தானை அழுத்தினாள். மாப்பிள்ளை ஒரு பெருமூச்சோடு நின்றான். பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

டீச்சருக்கு யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியவில்லை. கடைசியில் அந்தக் கையைப் பார்த்தே சொன்னாள்.

"ரெண்டாவது வாரம், புதன்கிழமை. அன்னிக்குக் கோடு அசையவே இல்லை. உங்க கண்ணுல தண்ணி. எனக்குத் தாங்கலை. ரெண்டு விரல்தாங்க வெச்சேன். நாலுன்னு காட்டிச்சு. நீங்க சிரிச்சீங்க. படுத்ததுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் முதல்முறையாச் சிரிச்சீங்க. அதுக்கப்புறம் எடுக்க முடியலை."

"மெஷினோட உதவியை அதை வெச்சுத்தாம்மா குறைச்சேன்" என்றாள் பிசியோ அம்மாள். குரலில் கோபம் இல்லை, அதிர்ச்சிதான் இருந்தது. அதுவே டீச்சருக்கு இன்னும் உறுத்தியது.

மெக்கானிக் திரையில் நின்றுபோன நீலக் கோட்டைப் பார்த்தார்.

"அப்ப இருபத்திரண்டும் நீதானா?"

"தெரியலைங்க."

"அதுல ஒண்ணு ரெண்டுகூட நான் இல்லையா?"

"சத்தியமாத் தெரியலைங்க. நான் எவ்வளவு தள்ளினேன்னு எனக்கே தெரியாது."

பொய் சொல்லியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

"லைசன்ஸ் டெஸ்ட்ல நான் ரெண்டு தடவை ஃபெயில்" என்றார் மெதுவாக. "ஏன்னு ஞாபகம் இருக்கா?"

டீச்சர் தலையாட்டினாள். அவரைச் சந்தோஷப்படுத்துவதற்காக அவள் கிளட்ச்சை அழுத்திய காலம் அது. பரீட்சை வைத்த அதிகாரி அழுத்தவில்லை. வழக்கமாக இந்தக் கதையைச் சொல்லிவிட்டு அவர் சிரிப்பார்.

"வெளிய போ."

டீச்சர் என்று கூப்பிடவில்லை.

*

பெரிய டாக்டர் ஃபைலை மூடினார். "அந்தப் புதன்கிழமையில இருந்து எடுத்த ரெக்கார்டு எல்லாம் செல்லாது. முதல் நாள் அளவு சைபர். இனிமே அதையும் இன்னிக்கு வர்ற அளவையும் வெச்சுத்தான் முடிவு. பத்து முயற்சி தர்றேன்."

பிசியோ அம்மாள் பழைய எண்களை அழித்தாள். மாப்பிள்ளையின் உதவியை முழுசாக ஏற்றினாள். மெக்கானிக்கின் மார்பைச் சுற்றி ஒரு பட்டையைப் போட்டு நாற்காலியோடு கட்டினாள்.

"கையை அது தாங்கிக்கும். நீங்க கோப்பையை நினைச்சுத் தள்ளுங்க. தோளை விட்டுடுங்க."

"தோளை நான் எங்கே மேடம் பிடிச்சேன்? அது பாவம், இத்தனை நாளா ரெண்டு பேர் வேலையைப் பாத்திருக்கு."

கண்ணாடிக்கு வெளியே டீச்சர் செய்ததைப் பார்த்து வழியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, உள்ளங்கைகளைக் கண்ணாடியில் பதித்துக்கொண்டு நின்றாள்.

"கையை இறக்கும்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் மகள்.

"பாக்கட்டும். என் கை எங்கே இருக்குன்னு அவருக்கும் தெரியட்டும்."

முதல் முயற்சி, சைபர். மாப்பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டு போய் அலமாரியில் சேர்த்துவிட்டுத் திரும்பினான், சாம்பல் கோடு மட்டும் ஓடியது. இரண்டு, மூன்று, நாலு. சைபர், சைபர், சைபர். ஐந்தாவதற்குப் பிறகு பிசியோ அம்மாள் தண்ணீர் கொடுத்தாள். ஆறு, ஏழு. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் வெளியே பதினாலு பேர் காத்திருக்கிறார்கள்.

டீச்சரின் தோள் கெஞ்சியது. இறக்கவில்லை. அவள் இருபத்தாறு வருஷத்தில் யாருக்கும் உதவாமல் இவ்வளவு நேரம் நின்றதில்லை. மனசுக்குள் மட்டும் தள்ளுங்க, தள்ளுங்க என்று கத்திக்கொண்டிருந்தாள்.

எட்டாவது முயற்சியில் நீலக் கோடு ஒரு துளி எழுந்தது.

"ரெண்டு" என்றாள் பிசியோ அம்மாள்.

ஒன்பதாவது சைபர். மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பத்தாவதை ஆரம்பிக்குமுன் மெக்கானிக் கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இரண்டு உள்ளங்கைகள் தெரிந்தன. அவற்றை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் திரைக்குத் திரும்பினார். பல்லைக் கடிக்கவில்லை, சாயவில்லை.

"மூணு."

"மேடம், இது நான்தானே?"

"நீங்க மட்டும்தான்."

இருபத்திரண்டுக்குச் சிரித்தவர் மூன்றுக்கு அழுதார். பட்டையில் கட்டிய கையால் துடைக்க முடியாமல், இடது கையால் நீலச் சட்டையின் காலரை இழுத்துத் துடைத்துக்கொண்டார்.

பிறகு டாக்டர் மகளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அரைமணி நேரம் பேசினார்கள். டீச்சரை யாரும் கூப்பிடவில்லை. கையை இறக்கிவிடலாம் என்றுகூட யாரும் சொல்லவில்லை, அவளேதான் இறக்கிக்கொண்டாள்.

*

காரின் முன்கதவைத் திறக்கப் போனாள் டீச்சர். அதற்குள் மெக்கானிக் இடது கையால் அதைத் திறந்திருந்தார்.

"நீ பின்னாடி உக்காரு."

சொந்தக் காரில் அவள் பின்சீட்டில் உட்கார்வது அதுதான் முதல்முறை. கார் இரண்டு தெருக்களைத் தாண்டியது.

"என்ன சொன்னாங்க?" என்று கடைசியில் அவளே கேட்டாள்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு வாரம் கிடையாதாம். ரெண்டே ரெண்டு வாரம். அதுக்குள்ள அந்த மூணு பத்தாகணும். ஆகலேன்னா அடுத்த ஆளுக்கு."

"ரெண்டு வாரமாவது குடுத்தாங்களே. ஆயிடும், கண்டிப்பா ஆயிடும்."

"இன்னொண்ணும் இருக்கு." மகள் குரலைத் தணித்தாள். "நீ அந்த ரூமுக்குள்ள வரக் கூடாது. கண்ணாடிகிட்டயும் நிக்கக் கூடாது."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். "டாக்டருக்குக் கோபம் இருக்கத்தானே செய்யும். நாளைக்கே போய் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"டாக்டர் சொல்லலைம்மா. கைக்கு எட்டாத தூரத்துல உக்காந்தாப் போதும்னுதான் அவர் சொன்னாரு."

மகளின் கண் பக்கத்து சீட்டுக்குப் போய்த் திரும்பியது. டீச்சர் முன்சீட்டின் முதுகைப் பார்த்தாள். நீலச் சட்டையின் காலர் இன்னும் ஈரமாக இருந்தது.

எதிரே சிக்னல் சிவப்பானது. முன்னால் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. டீச்சரின் வலது கால் அவளைக் கேட்காமலே அழுத்தியது. அங்கே பெடல் இல்லை, வெறும் கால்மிதிதான் இருந்தது.

பெடல் இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர் இரண்டு கால்களையும் நன்றாகப் பின்னுக்கு இழுத்து வைத்திருந்தார்.

கார் குலுங்காமல், பஸ்ஸுக்கு நாலடி பின்னால் வந்து நின்றது.

"பாத்தியா" என்றார் அவர் மகளிடம். "நீயேதான் நிறுத்தினே."

இருபத்தாறு வருஷமாக டீச்சர் எல்லோரிடமும் சொல்லிவந்த வார்த்தை அது. இந்தக் காருக்குள் அது நிஜமாக இருந்து அவள் கேட்டதில்லை.

சிக்னல் பச்சையானது. திங்கட்கிழமை அடுத்த பயிற்சிக்கு அவரை யார் கூட்டிப்போவது என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.